கருணையைக் கற்பித்த பிள்ளை லோகாசாரியர்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



ஜவ்வாது மலைத்தொடர் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடப்பது. மலைமேல் வாழும் மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சி மாநகரிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று வழிவழியாகக் கூறி வருபவர்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் தாங்கள் பாடுபட்டு விளைவித்த சாமையைத் துணியில் முடிந்துகொண்டு, கோவிந்த நாமம் முழங்க மலையிறங்கி வந்து பெருமாளைச் சேவிப்பது இவர்களது வழக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையன்று அவ்வாறு வந்த கூட்டத்தில் ஒரு தாயார் மட்டும் உள்ளே வரவில்லை. தாம் கொணர்ந்த சாமையைப் பிறர் கையில் கொடுத்தனுப்பிவிட்டுப் பலிபீடத்துக்கு அப்பால் ஒதுங்கி நின்றார். காரணம் கேட்டபோது, நேர்ந்துகொண்ட பிரார்த்தனையை ஓராண்டு செலுத்தத் தவறியதாகவும், மறு ஆண்டே தம் குழந்தை இறந்துவிட்டதாகவும், பெருமாளுக்குத் தம்மேல் தீராத கோபம் இருக்கும்போது எந்த முகத்தோடு திருமுன் வருவது என்றும் கூறினார். வடமொழிப் பாடசாலையில் பல ஆண்டுகள் பயின்றவன் என்னும் மிடுக்கோடு, தவறிய பிரார்த்தனைக்கு நூல்களில் சொல்லியிருக்கும் பிராயச்சித்தங்களை அடியேன் அவருக்கு ஒவ்வொன்றாக எடுத்துரைத்தேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். உள்ளே வராமலே திரும்பிப் போனார்.

அன்றிரவு அடியேனுக்கு உறக்கம் வரவில்லை. அடியேன் சொன்னவற்றில் பொய் ஒன்றும் இல்லை. யாவும் நூலில் உள்ளவையே. ஆயினும், அந்தத் தாயார் வந்தபோது சுமந்து வந்த பாரத்தைக் காட்டிலும் பெரிய பாரத்தைச் சுமந்துகொண்டல்லவா மலையேறியிருப்பார்? சாஸ்திரம் மனிதனைத் தேற்றுவதற்கா, நசுக்குவதற்கா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்தருளிய மகான் ஒருவர் உண்டு. அவரே பிள்ளை லோகாசாரியர். அவருடைய சரிதையை இம்மலரின் வாயிலாக அன்பர்களோடு சேர்ந்து அநுபவிக்க விரும்புகிறேன்.

திருநாமம் பிறந்த வரலாறு

பிள்ளை லோகாசாரியர் அவதரிப்பதற்கு முன்பே அவருடைய திருநாமம் பிறந்துவிட்டது. அது பிறந்த விதமே ஒரு பாடமாகும்.

திருவரங்கத்தில் நம்பிள்ளை என்னும் ஆசாரியர் எழுந்தருளியிருந்து திருவாய்மொழிக்குப் பொருள் உரைத்துவந்த காலம் அது. அவருடைய காலட்சேபம் முடிந்து கூட்டம் வெளியே வரும்போது, அது பெருமாளைச் சேவித்து வரும் கூட்டமோ, நம்பிள்ளையின் கூட்டமோ என்று அரசனும் ஐயுற்றான் என்பர். இப்பெருமையைக் கண்டு பொறாதவர் ஒருவர் இருந்தார். அவர் கந்தாடைத் தோழப்பர். எம்பெருமானாருக்குத் தண்டாயிருந்த முதலியாண்டானுடைய திருவம்சத்தில் வந்தவர். ஒரு நாள் பெரிய பெருமாள் திருமுன்பே, பலரும் காண, நம்பிள்ளையை அவர் கடுஞ்சொற்களால் இகழ்ந்துவிட்டார். நம்பிள்ளை மறுமொழி கூறாமல் நகர்ந்துவிட்டார்.

செய்தி தோழப்பரின் தேவிகளுக்கு எட்டியது. பாகவத அபசாரம் செய்த கணவரோடு இல்லறம் நடத்த அவ்வம்மையார் உடன்படவில்லை. குற்றத்தை உணர்ந்த தோழப்பர், நம்பிள்ளையிடம் சென்று பொறுக்கும்படி வேண்டலாம் என்று கருதி வாசற்கதவைத் திறந்தார். அங்கே, அவர் வீட்டு வாசலிலேயே நம்பிள்ளை காத்துக் கிடந்தார். முதலியாண்டானுடைய வம்சத்தவர் மனம் கலங்கும்படி நடந்துகொண்டது தம் குற்றமே என்றும், அதைப் பொறுத்தருள வேண்டும் என்றும் இகழப்பட்டவரே இகழ்ந்தவரிடம் விண்ணப்பித்தார். தோழப்பர் உள்ளம் உருகி, இத்தகையவர் ஒரு சிலருக்கு மட்டும் ஆசாரியர் அல்லர், உலகுக்கெல்லாம் ஆசாரியர் என்று போற்றி, லோகாசாரியர் என்னும் திருநாமத்தைச் சாற்றினார்.

லோகாசாரியர் என்பது வாதில் வென்று பெற்ற விருதன்று. பொறுமையும் இரக்கமும் ஒருவர் வாசலில் இரவெல்லாம் காத்துக் கிடந்து ஈட்டிய திருநாமம்.

நம்பிள்ளையின் சீடர்களுள் வடக்குத் திருவீதிப்பிள்ளை என்பவர் ஒருவர். ஆசாரிய கைங்கரியத்தில் ஆழ்ந்து இல்லற நினைவே அற்றிருந்த அவருக்கு, நம்பிள்ளையின் அருளால் ஐப்பசி மாதத் திருவோண நன்னாளில் ஓர் ஆண் மகவு பிறந்தது. தம் ஆசாரியரின் அருளால் பிறந்த பிள்ளைக்கு ஆசாரியரின் திருநாமத்தையே தந்தை சூட்டினார். இவ்வாறு பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவதரித்தவரே பிள்ளை லோகாசாரியர். பின்னர், நம்பெருமாள் திருவருளால் மார்கழி அவிட்டத்தில் தம்பியும் தோன்றினார். அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் என்பது அவர் திருநாமம். இராமனும் இலக்குவனும் போல வளர்ந்த இவ்விருவரும் இல்லறத்தை மேற்கொள்ளாமல், வாழ்நாள் முழுதும் பிரம்மசாரிகளாகவே இருந்து ஆழ்வார்களுடைய அருளிச்செயலுக்கும் அடியார்களுக்கும் தொண்டு புரிந்தனர்.

காட்டழகிய சிங்கர் சன்னிதியில்

திருவரங்கத்தின் கிழக்கே, அந்நாளில் காடாயிருந்த இடத்தில் காட்டழகிய சிங்கர் சன்னிதி உள்ளது. ஊரின் ஆரவாரத்தை விட்டு அங்கே சென்று சீடர்களுக்கு ரகசியப் பொருள்களை உரைப்பது நம் ஆசாரியரின் வழக்கம்.

அக்காலத்தில் காஞ்சிக்கு அருகில் மணற்பாக்கத்து நம்பி என்னும் பக்தர் வாழ்ந்துவந்தார். காஞ்சிப் பேரருளாளன் அவர் கனவில் தோன்றிச் சில நுண்பொருள்களை உபதேசித்து, இரண்டு ஆறுகளுக்கு நடுவே சென்று காத்திருந்தால் எஞ்சியவற்றையும் விரித்துரைப்பதாக அருளினார். நம்பி, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள திருவரங்கம் வந்து காட்டழகிய சிங்கர் சன்னிதியில் தங்கினார். ஒரு நாள் பிள்ளை லோகாசாரியர் சீடர்களுக்கு உரைப்பதை மறைவிலிருந்து கேட்டார். கனவில் பேரருளாளன் அருளிய பொருள்களே அங்கே விரிவாக வரக்கேட்டு மெய்சிலிர்த்து, ஓடிவந்து திருவடிகளில் விழுந்து, அப்பெருமாளே இவராக வந்தாரோ என்று வினவினார். இதனால் நம் ஆசாரியரைத் தேவப்பெருமாளின் அவதாரமாகவே பெரியோர் போற்றுவர். காஞ்சியைத் தங்கள் பூர்விகமாகக் கொண்டாடும் நம் மலைநாட்டு அன்பர்களுக்கு இவர் அயலார் அல்லர் என்பது இதனால் விளங்கும்.

இப்பொருள்கள் ஏட்டில் எழுதப்படாவிடில் காலத்தால் மறைந்துவிடும் என்று கருதியே அவர் நூல்களை அருளிச்செய்தார். முமுக்ஷுப்படி, தத்துவத்ரயம், அர்த்தபஞ்சகம், ஸ்ரீவசனபூஷணம் முதலாக அவை பதினெட்டு. அஷ்டாதச ரகசியங்கள் என வழங்கப் பெறுவன. வேதம் ஓதும் உரிமையோ, வடமொழிப் பயிற்சியோ இல்லாத பெண்டிரும் பிறரும் உய்ய வேண்டும் என்னும் திருவுள்ளத்தால், வடமொழியிலேயே அடைத்து வைக்காமல், தமிழும் வடசொல்லும் கலந்த மணிப்பிரவாள நடையில், சின்னஞ்சிறு வாக்கியங்களாக இவற்றை அமைத்தார். திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து பெற்ற பொருளை எல்லோருக்கும் வாரி வழங்கிய எம்பெருமானாரின் திருவுள்ளம், இவருடைய எழுத்தாணியில் மீண்டும் வெளிப்பட்டது எனலாம்.

இதிகாசத்தைப் படித்த விதம்

இவ்வாசாரியர் சாஸ்திரத்தைப் படித்த விதத்தை இங்குச் சிறிது நின்று கவனிக்க வேண்டும். ஸ்ரீவசனபூஷணத்தின் தொடக்கத்தில், வேதத்தின் உட்பொருளை இதிகாச புராணங்களைக் கொண்டே தெளிய வேண்டும் என்று நிலைநாட்டுகிறார். அடுத்து, இராமாயணம் யாருடைய ஏற்றத்தைச் சொல்ல வந்தது என்று ஆராய்கிறார். வில்லை முறித்த வீரத்தையும் இலங்கையை வென்ற வெற்றியையும் சொல்ல வந்தது என்று நாம் விடை கூறுவோம். அவரோ, அசோக வனத்தில் சிறையிருந்த பிராட்டியின் ஏற்றத்தைச் சொல்ல வந்தது என்கிறார். பாரதம் பேரரசர்களின் போரைச் சொல்ல வந்ததன்று. அடியவர்களுக்காகத் தூது நடந்த கண்ணனின் ஏற்றத்தைச் சொல்ல வந்தது என்கிறார். ஒருத்தி பிறருக்காகச் சிறையிருந்தாள். ஒருவன் பிறருக்காகத் தூது போனான். இந்த இரண்டு எளிமைகளே இரண்டு பெருங்காவியங்களின் சாரம் என்று அவர் கண்டார்.

பிராட்டி மூன்று முறை இராமபிரானைப் பிரிந்தாள். இலங்கையில் பிரிந்தது தன் கருணையை வெளியிட. கருவுற்ற காலத்தில் காட்டில் பிரிந்தது, தான் அவனுக்கே அடங்கியவள் என்பதை வெளியிட. முடிவில் பூமிக்குள் புகுந்தது, அவனையன்றி வேறொருவருக்கும் உரியவள் அல்லள் என்பதை வெளியிட என்று அவர் விளக்குகிறார். அவற்றுள் கருணையே முதலில் நிற்கிறது.

அந்தக் கருணைக்குக் காகாசுரன் கதை சான்று. பிராட்டியிடமே பெரும் குற்றம் இழைத்த காகத்தின் மீது இராமபாணம் பாய்ந்தது. அது மூவுலகும் ஓடிப் பார்த்தும் புகலிடம் இன்றித் திரும்பி வந்து வீழ்ந்தது. பிராட்டி அருகில் இருந்தமையால் அதன் உயிர் தப்பியது. இராவணன் வீழ்ந்த களத்தில் அவள் அருகில் இல்லை. அவன் தலைகள் உருண்டன. குற்றத்தின் அளவைப் பார்த்தால் காகமே பெரும் குற்றவாளி. ஆகவே காத்ததும் அழித்ததும் குற்றத்தின் கனத்தைப் பொறுத்து அமையவில்லை. இரக்கமுள்ள ஒருத்தி பக்கத்தில் நின்றாளா என்பதைப் பொறுத்தே அமைந்தது.

மேலும், பத்து மாதம் தன்னை அச்சுறுத்தி வாட்டிய அரக்கியரைத் தண்டிக்க அநுமன் விரும்பியபோது பிராட்டி தடுத்தாள். குற்றம் செய்யாதவர் உலகில் எவர் என்று கருதி, அவர்கள் தன்னைச் சரணம் புகாதிருந்தும் காத்தாள். எம்பெருமானிடம் நமக்காகப் பரிந்து பேசும் புருஷகாரம் என்பது இதுதான். அவள் இருவரையும் திருத்துகிறாள். பாவி என்று அஞ்சி ஓடும் சேதநனுக்கு எம்பெருமானின் குணங்களைச் சொல்லி அருகே அழைக்கிறாள். குற்றங்களை எண்ணிச் சீறும் ஈசுவரனுக்கு அவனுடைய தகப்பன்மையை நினைவூட்டிக் குளிர்விக்கிறாள். தாயார் சன்னிதியை முதலில் சேவித்துவிட்டுப் பெருமாள் சன்னிதிக்குச் செல்லும் வழக்கத்தின் உட்பொருள் இதுவே என்பதை அன்பர்கள் உணர வேண்டும்.

சரணம் புகுவதற்கு இடம், காலம், முறை, தகுதியுடையவர் இன்னார் என்னும் நியமங்கள் உண்டோ என்றும் ஆராய்கிறார். திரௌபதி நீராடிவிட்டா கண்ணனை அழைத்தாள்? அருச்சுனன் சரம சுலோகத்தைக் கேட்டது புண்ணிய தீர்த்தக் கரையிலா? இருபுறமும் படை சூழ்ந்த போர்க்களத்தின் நடுவிலன்றோ? ஆகவே நியமம் ஒன்றே: யாரைப் பற்றுகிறோம் என்பதில் தவறக் கூடாது. மற்றவை அனைத்தும் அவன் பொறுப்பு.

ஆன்மாவின் மதிப்பு

இவ்வாறு படித்ததன் பயனாக, மனிதன் தன்னைத் தான் எவ்வாறு மதிக்க வேண்டும் என்பதும் தெளிவாயிற்று. கற்ற கல்வியாலோ, பிறந்த குலத்தாலோ, செய்த தருமத்தாலோ ஆன்மாவுக்கு ஏற்றம் வருவதில்லை. எம்பெருமானுக்கு அது சொத்து. இதுவே அதன் ஏற்றம். பெருமாள் திருமார்பில் திகழும் கௌஸ்துப மணியைப் போல அவனுக்கு ஆன்மா இனியது என்பர் நம் பெரியோர். மணி சேற்றில் விழுந்தால் உடையவன் சேற்றைக் கழுவுவானேயன்றி மணியை எறிந்துவிட மாட்டான். தன்னை ஒன்றுக்கும் ஆகாதவன் என்று வெறுப்பவன், பெருமாளுடைய பொருளையன்றோ வெறுக்கிறான்? பிறனை இழிந்தவன் என்று ஒதுக்குபவனும் அக்குற்றத்தையே செய்கிறான்.

அன்று ஈன்ற கன்றின் உடலில் உள்ள அழுக்கைத் தாய்ப்பசு அருவருப்பதில்லை. நாவால் நக்கி உண்கிறது. எம்பெருமானின் வாத்சல்யமும் அத்தகையதே என்பது நம் ஆசாரியரின் துணிபு. குற்றத்தோடு வரும் அடியவனை அவன் பொறுத்துக்கொள்வதோடு நிற்பதில்லை, உவந்து ஏற்றுக்கொள்கிறான்.

அப்படியானால் அச்சமின்றிப் பாவம் செய்யலாமோ என்று சிலர் கேட்கக் கூடும். அச்சமும் அச்சமின்மையும் இரண்டும் வேண்டும். அவை இடம் மாறிவிடக் கூடாது என்பதே அவர் வகுத்த நெறி. நாம் செய்யக்கூடிய தீங்கை எண்ணும்போது அச்சம் வேண்டும். அவன் கருணையை எண்ணும்போது அச்சம் நீங்க வேண்டும். நாமோ தீங்கு செய்யும்போது அஞ்சாமலிருந்து, அவனை அணுகும்போது அஞ்சுகிறோம். இதையே அவர் அறியாமை என்றார்.

அடுத்து, நமக்குத் தீங்கு செய்தவர்கள் விஷயத்தில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐந்து மனநிலைகளை வகுத்தருளினார். முதலாவது, பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, இத்தீவினையின் பயனை இவர் அநுபவிக்க நேருமே என்று இரங்க வேண்டும். மூன்றாவது, அழிந்துபோகும் சிறு பொருள்களைக் கெடுத்துவிட்டு நம்மையே கெடுத்ததாக எண்ணுகிறாரே என்று சிரிப்பு வர வேண்டும். நான்காவது, நம் பற்றுகளுக்கு விழுந்த அடியைக் கண்டு உகக்க வேண்டும். ஐந்தாவது, நம் குற்றங்களை நமக்கு நினைவூட்டினாரே என்று நன்றி பாராட்ட வேண்டும். தோழப்பர் வாசலில் காத்துக் கிடந்த நம்பிள்ளையின் திருவுள்ளமே இங்கு நூலாக வடிவெடுத்திருக்கிறது.

பிறப்பைப் பற்றியும் அவர் தயங்காமல் பேசினார். உயர்ந்த குலம் என்று உலகம் கருதும் பிறவியில் செருக்கு வந்து ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. தாழ்ந்தது என்று கருதப்படும் பிறவியில் பணிவு இயல்பாகவே வாய்க்கிறது. ஆகவே அதுவே சிறந்தது என்று எழுதினார். அடியவரின் குலத்தை ஆராய்வது கொடிய அபசாரம் என்றும் விலக்கினார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பும் தம்பியின் துணையும்

எதிர்ப்பு வராமல் இல்லை. ரகசியப் பொருள்களைத் தெருவில் இறைக்கிறார் என்றும், முன்னோர் சொல்லாததைச் சொல்கிறார் என்றும் குறை கூறினர். நம் ஆசாரியர் வாதப் போரில் இறங்கவில்லை. தம்பி நாயனார், ஆசாரிய ஹ்ருதயம் என்னும் நூலை இயற்றி, தமையனார் கூறியவை யாவும் நம்மாழ்வாருடைய திருவுள்ளத்தில் உள்ளவையே என்று, ஆழ்வாரின் சொற்களையே கோத்து மெய்ப்பித்தார்.

அந்தத் தம்பி தமையனாருக்கு முன்பே திருநாடு எழுந்தருளிவிட்டார். அவர் திருமுடியைத் தம் மடிமீது வைத்துக்கொண்டு, இந்நுண்பொருள்களை இனி எவரிடம் கேட்பது என்று மூத்தவர் கண்ணீர் வடித்தார் என்று குருபரம்பரை கூறும். கருணையைக் கற்பித்தவர் கல்நெஞ்சர் அல்லர். இழப்புக்கு அழுவது பக்திக் குறைவன்று என்பதையும் இதனால் அறிகிறோம்.

பெருமாளைக் காத்த முதியவர்

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டுக்குப் பேரிடர் வந்தது. 1311-ஆம் ஆண்டில் மாலிக் காபூரின் படை தென்பாண்டி நாடு வரை வந்து சென்றது. 1323-ஆம் ஆண்டில் தில்லியிலிருந்து உலூக் கானின் படை வந்தது. திருவரங்கம் கலங்கியது. பெரிய பெருமாள் சன்னிதியைக் கல்திரையிட்டு மறைத்தனர். ஸ்ரீவைஷ்ணவர்கள் பன்னீராயிரவர் உயிர் துறந்தனர் என்று கோயில் வரலாறு பேசும். அவ்வேளையில் வேதாந்த தேசிகர் ஸ்ரீபாஷ்யத்தின் விரிவுரையான ச்ருதப்ரகாசிகையைக் காத்துச் சத்தியாகாலம் சென்றார். பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளைக் காக்கும் பொறுப்பை மேற்கொண்டார். ஒருவர் நூலைக் காத்தார். ஒருவர் நூலின் பொருளான எம்பெருமானைக் காத்தார். இருவருக்கும் நாம் என்றென்றும் கடன்பட்டுள்ளோம்.

மூப்பின் எல்லையில் இருந்த ஆசாரியர், நம்பெருமாளைத் திருப்பல்லக்கில் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு சீடர்களோடு தெற்கு நோக்கி நடந்தார். காட்டு வழியில் கள்வர் வந்து திருவாபரணங்களைக் கவர்ந்து சென்றனர் என்பர். முடிவில் மதுரைக்கு அருகே, ஆனைமலையை அடுத்த ஜ்யோதிஷ்குடி என்னும் சிற்றூரை அடைந்தனர். இன்று கொடிக்குளம் என வழங்கும் ஊர் அது. அங்கே நடையின் களைப்பாலும் முதுமையாலும் ஆசாரியரின் திருமேனி தளர்ந்தது.

அந்த நிலையிலும் தமக்குப் பின் சம்பிரதாயம் என்னவாகும் என்பதே அவர் கவலை. மதுரையில் அரசாங்கக் காரியங்களில் மூழ்கியிருந்த திருமலையாழ்வார் என்னும் இளைஞரை எப்படியாவது மீட்டுக் கொணர வேண்டும் என்று கூரகுலோத்தமதாசர் முதலான சீடர்களிடம் ஒப்படைத்தார். சுற்றிலும் இருந்த செடிகொடிகளையும் ஊர்ந்து செல்லும் எறும்புகளையும் தம் திருக்கரத்தால் தடவிக் கொடுத்து, இவையும் நற்கதி பெறட்டும் என்று திருவுள்ளம் பற்றினார் என்பர். பின்னர் அவ்வூரிலேயே திருநாடு எழுந்தருளினார். திருவரங்கத்தில் பிறந்து வாழ்ந்த அம்மகான் திருவரங்கத்தை மீண்டும் காணவில்லை.

விளாஞ்சோலையில் இருந்த பொருள்

அவருடைய சீடர்களுள் ஒருவரைப் பற்றி இங்கே கூறியாக வேண்டும். திருவனந்தபுரத்தில் ஈழவர் குலத்தில் பிறந்தவர் அவர். அக்கால வழக்கப்படி அவருக்குக் கோயிலினுள் செல்ல உரிமை இல்லை. ஆகவே விளாஞ்சோலை ஒன்றிலிருந்து, பத்மநாபப் பெருமாளின் கோபுரத்தைத் தொலைவிலிருந்தே சேவித்து வந்தார். விளாஞ்சோலைப் பிள்ளை என்று உலகம் அவரை அழைத்தது. சப்தகாதை என்னும் நூலை இயற்றியவர் இவரே. ஸ்ரீவசனபூஷணத்தின் ஆழ்ந்த பொருளைத் திருமலையாழ்வாருக்கு உபதேசிக்கும் பொறுப்பை எவரிடம் தருவது என்று எண்ணியபோது, பிள்ளை லோகாசாரியர் இவரையே தேர்ந்தெடுத்தார்.

கூரகுலோத்தமதாசரின் விடாமுயற்சியால் திருந்திய திருமலையாழ்வார், அரசுப் பதவியைத் துறந்து, விளாஞ்சோலைப் பிள்ளையைத் தேடித் திருவனந்தபுரம் சென்றார். திருமேனியில் சிலந்தி வலை பின்னியதும் அறியாமல் சோலையில் தியானத்தில் அமர்ந்திருந்தவரின் திருவடிகளில் விழுந்து பொருள் கேட்டார். இவரே பின்னாளில் திருவாய்மொழிப்பிள்ளை என்று புகழ்பெற்றார். 1370-ஆம் ஆண்டில் ஆழ்வார்திருநகரியில் அவதரித்த மணவாளமாமுனிகள் இவரிடம் பயின்று, ஸ்ரீவசனபூஷணத்துக்குச் சிறந்த வியாக்கியானம் அருளிச்செய்தார். இன்று நம் ஆசாரியர்கள் ஸ்ரீவசனபூஷணத்தின் பொருளைச் சொல்லும்போது, கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர் வழியாக வந்த பொருளையே சொல்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

விளாஞ்சோலைப் பிள்ளை ஒரு நாள் நேரே கருவறைக்குள் புகுந்து பத்மநாபன் திருவடியில் மறைந்ததாக நம்பூதிரிகள் கண்டு திகைத்து நிற்க, அதே வேளையில் சோலையில் அவர் திருமேனி நீத்த செய்தி வந்தது என்று சரிதை கூறும். மனிதர் அடைத்த கதவைப் பெருமாள் திறந்துவிட்டார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்து, அக்குலத்தவர் அனைவருக்கும் அக்கோயிலின் கதவு திறந்தது. பெருமாள் திறந்ததை மனிதர் திறக்க நமக்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

ஜ்யோதிஷ்குடியை விட்டு நீங்கிய நம்பெருமாள் அழகர்கோயில், மலையாள நாடு, மேல்கோட்டை ஆகிய இடங்களில் தங்கித் திருமலையை அடைந்தார். விசயநகரப் பேரரசின் அதிகாரியாகச் செஞ்சியில் இருந்த கோபணாரியர், திருமலையிலிருந்து பெருமாளை எழுந்தருளச் செய்து, செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் சில காலம் ஆராதித்து, 1371-ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளப் பண்ணினார். திருவரங்கத்துக் கல்வெட்டு இதற்குச் சான்று. நம் மலைக்குக் கிழக்கே, திருவண்ணாமலைக்கு அப்பால் உள்ளது செஞ்சி. ஏறத்தாழ 48 ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்த பெருமாள் நம் வட்டாரத்தின் விளிம்பில் தங்கிச் சென்றிருக்கிறார். வீடிழந்தவர் படும் துயரம் அவனுக்குத் தெரியாததன்று.

நிறைவாக

முதலில் கூறிய தாயார் மறு ஆண்டும் வந்தார்; முன்போலவே வெளியே நின்றார். இம்முறை அடியேன் பிராயச்சித்தம் எதையும் சொல்லவில்லை. முன்னர்ச் சொன்னதற்காக அவரிடம் பொறுக்கும்படி வேண்டிக்கொண்டு, அங்கேயே நின்று காகாசுரன் கதையைச் சொன்னேன். தவறிய பிரார்த்தனைக்காகக் குழந்தையைப் பறிக்கும் பெருமாளைப் பிள்ளை லோகாசாரியர் படித்த இராமாயணத்தில் காணவில்லை என்றும், பெருங்குற்றம் செய்த காகத்துக்கே பரிந்து பேசியவள் உள்ளே இருக்கிறாள் என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சாமை முடிச்சைத் தாமே எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். தாயார் சன்னிதியில் நெடுநேரம் நின்றார்.

அன்று தெளிவு பெற்றவர் அவர் மட்டும் அல்லர். சாஸ்திரத்தைக் கற்ற பின்னும் இரக்கம் பிறக்கவில்லையெனில் இன்னும் கற்கவில்லை என்றே பொருள் என்பதை அடியேனும் தெளிந்தேன்.

அன்பர்களே! இத்திருவிழாவில் புராணம் கேட்கும்போதும், வீட்டில் இராமாயணம் படிக்கும்போதும், நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வரிகளை மட்டும் தேட வேண்டா. நமக்காகச் சிறையிருந்தவளையும் நமக்காகத் தூது நடந்தவனையும் முதலில் தேடுங்கள். நம்மை அவ்வளவு மதித்தவர்கள் இருக்க, நாமே நம்மை இகழ்வது தகாது. அதே மதிப்பு பக்கத்தில் நிற்பவருக்கும் உண்டு என்பதை நினைவில் கொண்டு, சேவை வரிசையில் முதியவருக்கு வழிவிட்டு, வாசலில் தயங்கி நிற்பவரை உள்ளே அழைத்து வாருங்கள். ஐப்பசித் திருவோணத்தன்று பிள்ளை லோகாசாரியரை ஒரு கணம் நினைத்துக் கைகூப்புங்கள்.

எல்லோருக்கும் தாயார் பெருமாள் திருவருள் பெருகுவதாக!

அடியேன்
ராமாநுஜ தாஸன்